பனிக்கு தப்பிச்சு பாலைவனத்துல ஒரு வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். குளிர்காலம் நாலஞ்சு மாசம் மட்டும் போய் இருக்க அரிசோனால, பீனிக்ஸை சுத்தி இருக்கற புறநகர்ல ஒரு வீடு வாங்கலாமா? நான் வருஷம் பூரா கில்பர்ட்ல இருக்கறவ, இந்த ஊரோட ஜனவரியும் தெரியும் ஜூலையும் தெரியும், அதனால எனக்கு தெரிஞ்சதை மறைக்காம சொல்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேர்த்து சுருக்கியிருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 57, அவருக்கு 61. பசங்க ரெண்டு பேரும் வேலைக்கு போயாச்சு. இங்க மினியாபோலிஸ்ல பனி தள்ளி தள்ளி அவருக்கு இடுப்பு போச்சு. ஜனவரில சாண்ட்லர்ல தங்கச்சி வீட்டுக்கு வந்தோம், ஸ்வெட்டர் கூட இல்லாம வாக்கிங் போனோம், அவர் மனசு அங்கயே நின்னுடுச்சு. கிழக்கு பாத்த வாசலோட ஒரு வீடு பாத்து வச்சிருக்கார், உடனே ஆஃபர் போடணும்னு துடிக்கறார். என்ன சொல்லட்டும்?

பதில்: ஆஃபரை ஒரு வருஷம் ஆறப் போடச் சொல்லுங்கம்மா. வாங்கவே வேண்டாம்னு சொல்லலை, இப்போ வேண்டாம்னு சொல்றேன். ஜனவரில இங்க வர்ற எல்லாருக்கும் இந்த ஊர் பிடிச்சுத்தான் போகும், பகல்ல 67, 68 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல சொன்னா 20, வருஷம் முழுக்கவே பீனிக்ஸ்ல 7, 8 இஞ்ச் மழைதான் பெய்யும், அந்த மாசத்துல போய் பாத்தா எந்த வீடும் நல்ல வீடாத்தான் தெரியும். ஆனா நீங்க நாலு மாசம் குடியிருக்கப் போற அதே வீடு மீதி எட்டு மாசம் ஆள் இல்லாம அடுப்பு மேல வச்ச பாத்திரம் மாதிரி நிக்கப் போகுது, செலவு வைக்கறது அந்த எட்டு மாசம்தான். 2023ல ஜூன் 30ல இருந்து ஜூலை 30 வரைக்கும் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி இல்லன்னா அதுக்கும் மேல, அதாவது 43 செல்சியஸைத் தாண்டி. அந்த வருஷம் பீனிக்ஸ் இருக்கற மேரிகோப்பா கவுன்ட்டில வெயில் சம்பந்தப்பட்ட சாவு மட்டும் 645. 2024ல 100 டிகிரியைத் தொட்ட நாள் தொடர்ந்து 113. இதை தெரிஞ்சுக்கிட்டு வாங்கறவங்க நல்லா இருக்காங்க, தெரியாம வாங்கினவங்க மூணாவது வருஷம் விக்க போர்டு வைக்கறாங்க, ரெண்டையும் நான் பாத்திருக்கேன்.

அதனால ஒண்ணு பண்ணுங்க. அடுத்த டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஃபர்னிச்சரோட ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்க, பிப்ரவரி மார்ச்ல வாடகை ஏறும், ஏன்னா 15 பேஸ்பால் டீம் கேக்டஸ் லீக்ங்கற சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டம் ஆட இங்கதான் வரும், அதனால முன்னாடியே புக் பண்ணிடுங்க. அப்புறம் ஜூலைல ஒரு வாரம் வந்து அதே ஏரியால தங்கிப் பாருங்க, மத்தியானம் 4 மணிக்கு நீங்க வாங்க நினைக்கற மாதிரி ஒரு வீட்டுக்குள்ள மாடி ரூம்ல போய் நில்லுங்க. அதுக்கப்புறமும் அவருக்கு ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க.

கணக்கும் போட்டு பாத்துடுங்க. பீனிக்ஸ் மெட்ரோவுல இப்போ நடுத்தர விலை சுமார் நாலரை லட்சம் டாலர், சாண்ட்லர், கில்பர்ட்ல அதுக்கும் மேல. நாலரை லட்சத்துக்கே என்னோட உத்தேசக் கணக்கு சொல்றேன்: சொத்து வரி 2,400, ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்புச் சங்கம்) கட்டணம் 1,500, இன்ஷூரன்ஸ் 2,000, கரண்ட் தண்ணி 2,800, நீங்க இல்லாதப்போ வந்து பாத்துக்கற ஆளுக்கு 1,200, ஸ்விம்மிங் பூல் இருந்தா அதுக்கு 1,800, ஆக 11,700 டாலர். அந்த நாலரை லட்சத்தை சும்மா 4 சதவீத வட்டில போட்டிருந்தா 18,000 வரும், அதையும் சேத்தா வருஷத்துக்கு 29,700. ஏ.சி. மாத்தறது, கூரை வேலை எல்லாம் இன்னும் இதுல வரலை. நாலு மாச வாடகை மாசம் 4,000னு வச்சாலும் 16,000தான். வீட்டு விலை ஏறும்னு சொல்லுவாங்க, ஏறலாம், ஆனா 2008ல இந்த ஊர்ல விலை எப்படி சரிஞ்சு விழுந்துச்சுன்னு இங்க இருக்கறவங்க யாரும் மறக்கலை. தங்கச்சி பக்கத்துல இருக்கணும், நம்ம சாமான் நம்ம வீட்டுல இருக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கறீங்கன்னா அது நியாயமான காரணம், அதுக்கு இந்த விலைன்னு தெரிஞ்சுக்கிட்டு குடுங்க.

இப்போ கிழக்கு வாசல். நம்ம ஆளுங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். வாசல் கிழக்கு பாத்தா பின்பக்கம் மேற்கு பாக்கும். இங்க வீட்டுல பெரிய கண்ணாடிக் கதவு, பேட்டியோங்கற திறந்த திண்ணை, பூல் எல்லாம் பின்பக்கம்தான். கோடைல மத்தியானம் 2 மணில இருந்து ஏழரை வரைக்கும் சூரியன் அந்தக் கண்ணாடி மேலயே நிக்கும், சுவர் சூடாகி ராத்திரி வரைக்கும் அந்த சூடு உள்ள இறங்கும், ஏ.சி. ஓயாம ஓடும், சோஃபா துணி வெளுத்துப் போகும். வாஸ்து உங்களுக்கு முக்கியம்னா கிழக்கு வாசலே எடுங்க, அதுல நான் தலையிடலை, ஆனா மேற்கு ஜன்னல் எல்லாத்துக்கும் வெளிப்பக்கம் வெயிலைத் தடுக்கற வலைத்திரை (சன் ஸ்க்ரீன்) இருக்கா, பேட்டியோவுக்கு நல்லா நீளமா கூரை இறங்கியிருக்கா, மேற்குல பக்கத்து வீடோ மரமோ நிழல் குடுக்குதான்னு பாருங்க. வாஸ்து பாக்கலைன்னா குளிர்காலத்துக்கு மட்டும் வர்றவங்களுக்கு வடக்கு பாத்த வாசல்தான் என்னோட சாய்ஸ், ஏன்னா பின்பக்கம் தெற்கு பாக்கும், டிசம்பர்ல சூரியன் தெற்குல தாழ்வா போகறதால பேட்டியோ முழுக்க வெயில் விழும், காலைல காஃபி டம்ளரோட உக்காரலாம். பின்பக்கம் வடக்கு பாத்த வீட்டுல டிசம்பர்ல அந்த இடம் முழுக்க நிழல், சில்லுனு இருக்கும், அங்க ஒருத்தரும் உக்கார மாட்டீங்க. உள்ளூர்க்காரங்க கோடைக்காக அதைத்தான் தேடி வாங்குவாங்க, அவங்க தேவை வேற உங்க தேவை வேற.

வீட்டுல பாக்க வேண்டியது கூரையும் ஏ.சி.யும்தான் முதல்ல. ஓட்டுக் கூரை ஐம்பது வருஷம் வரும்னு ஏஜென்ட் சொல்லுவார், ஓடு வரும், ஓட்டுக்கு அடியில இருக்கற அண்டர்லேமென்ட் ஷீட் இருபது இருபத்தஞ்சு வருஷத்துல பொடிஞ்சு போகும், மழையை நிறுத்தறது அதுதான். 2000ல கட்டின வீடுன்னா அதை மாத்தியாச்சான்னு கேளுங்க, ரசீது கேளுங்க. ஏ.சி. இங்க 12, 15 வருஷம் உழைச்சா பெரிய விஷயம், பழைய ஆர்-22 கேஸ்ல ஓடற மிஷின்னா கண்டிப்பா விலைல கழிக்கச் சொல்லுங்க, அந்த கேஸ் தயாரிப்பு அமெரிக்காவுல 2020லயே நிறுத்தியாச்சு. கரையான் இங்க ஏராளம், அதுக்கு தனியா இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அரிசோனால வழக்கமா போடற கான்ட்ராக்ட்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு 10 நாள் தருவாங்க, அந்த 10 நாளுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு எழுத்துல கேட்டுடணும்.

ஊரைப் பொறுத்தவரைக்கும், தங்கச்சி சாண்ட்லர்ல இருக்காங்கன்னா சாண்ட்லர், கில்பர்ட், இல்லன்னா மேசாவோட தென்கிழக்கு பக்கம் பாருங்க. இன்டெல் வந்ததுல இருந்தே நம்ம ஜனங்க இந்தப் பக்கம் அதிகம், கடை, பாட்டு கிளாஸ் எல்லாம் கிட்டக்க. கவுன்ட்டி பேர்லயே தனியா இருக்கற மேரிகோப்பா ஊர்ல மகா கணபதி கோயில் இருக்கு, வீடு விலையும் கம்மி, ஆனா அங்க இருந்து பீனிக்ஸ் பக்கம் வர 347ம் நம்பர் ரோடுதான் கதி, காலைல சாயங்காலம் நெரிசல் ஜாஸ்தி. லோன் எடுத்து வாங்கறதா இருந்தா செகண்ட் ஹோம்னு உண்மையைச் சொல்லி எடுங்க, குறைஞ்சது 10 சதவீதம் கைக்காசு, வட்டி கொஞ்சம் கூட. கவுன்ட்டி பேப்பர்லயும் இதுதான் நாங்க குடியிருக்கற முதல் வீடுன்னு டிக் பண்ணிடாதீங்க, அந்த வரிச் சலுகை உங்களுக்கு கிடையாது, தப்பா போட்டா அபராதம்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் ஸ்காபரோவில கன வருசமா இருக்கிறம், ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகிட்டம். குளிருக்கு இவவின்ர முழங்கால் நோ தாங்கேலாமக் கிடக்கு. மேசாவில ஒரு சின்ன வீடு முழுக்காசும் குடுத்தே எடுக்கலாம் எண்டு யோசிக்கிறம், அஞ்சு மாசம் அங்க நிக்கிற பிளான். வரியில, ஓஹிப்பில (ஒன்டாரியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) ஏதும் பிரச்சினை வருமோ? சிநேகிதர் ஒருத்தர் எல்.எல்.சி. எண்டு ஒரு சின்ன கம்பனி திறந்து அதின்ர பேரில எடுக்கச் சொல்லுறார்.

பதில்: ஐயா, எல்.எல்.சி. வேண்டவே வேண்டாம். அமெரிக்காக்காரங்களுக்கு அது சரி. கனடா வரி ஆபீஸ் எல்.எல்.சி.யை ஒரு கம்பெனியா பாக்கும், அமெரிக்கா வரி ஆபீஸ் ஒரே முதலாளி எல்.எல்.சி.யை கண்டுக்காம உங்க பேர்லயே வரி போடும், ரெண்டும் ஒத்துப் போகாம ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை வரி கட்டற நிலைமை வரலாம். உங்க ரெண்டு பேர் பேர்லயே வாங்குங்க, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாட்டு வரியும் தெரிஞ்ச ஒரு அக்கவுன்டன்ட் கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்து உக்காருங்க.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம், இதுல மூணு கணக்கு தனித்தனியா ஓடும். பார்டர்ல கனடாக்காரங்களை பொதுவா ஆறு மாசம் வரைக்கும் விடுவாங்க, அது ஒண்ணு. அமெரிக்க வரிக் கணக்கு வேற, இந்த வருஷ நாள் முழுசா, போன வருஷ நாள்ல மூணுல ஒரு பங்கு, அதுக்கு முந்தின வருஷத்துல ஆறுல ஒரு பங்கு, மூணையும் கூட்டி 183 வந்தா உங்களை அமெரிக்க வரிவாசியா எடுத்துப்பாங்க. வருஷா வருஷம் 120 நாள் இருந்தீங்கன்னா 120, 40, 20, மொத்தம் 180, தப்பிச்சீங்க. நீங்க சொல்ற அஞ்சு மாசம்னா 150, 50, 25, மொத்தம் 225, தாண்டிடுச்சு. பயப்பட வேண்டாம், 8840னு ஒரு ஃபார்ம் இருக்கு, என் வீடு வாசல், பேங்க், குடும்பம் எல்லாம் கனடாலதான்னு அதுல எழுதி வருஷா வருஷம் ஜூன் 15க்குள்ள அனுப்பணும், ரெண்டு பேரும் தனித்தனியா. இதை விட்டுடறவங்க நிறைய பேர்.

மூணாவது ஓஹிப். பன்னெண்டு மாசத்துல 212 நாளைக்கு மேல ஒன்டாரியோவை விட்டு வெளிய இருக்கக் கூடாது. மேசால 150 நாள் இருந்தா இன்னும் 62 நாள்தான் கைல இருக்கு, நல்லூர் திருவிழாவுக்கு ஊருக்கு போற நாளும், சென்னைல கல்யாணத்துக்கு போற நாளும் அந்தக் கணக்குலயே சேரும். ஒரு டைரில எழுதி வச்சுக்குங்க. ஓஹிப் இங்க ஆஸ்பத்திரில படுத்தா ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடா டாலர்தான் தரும், இங்க ஒரு நாள் ஆஸ்பத்திரி செலவு அதுக்கு பல மடங்கு. அதனால டிராவல் இன்ஷூரன்ஸ் இல்லாம ஒரு நாள் கூட வராதீங்க, அம்மாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை ஏதாவது கிளம்பறதுக்கு முன்னாடி மூணு மாசம் ஆறு மாசத்துக்குள்ள மாத்தியிருந்தா அந்த வியாதிக்கு கவர் கிடைக்காம போகலாம், பாலிசில அந்த வரியை தேடிப் படிங்க, ஏஜென்ட் வாயால சொல்றதை நம்பாதீங்க.

நாளைக்கு விக்கறப்போ, வெளிநாட்டுக்காரர் விக்கறார்னு விலைல 15 சதவீதத்தை பிடிச்சு அமெரிக்க வரி ஆபீஸுக்கு அனுப்பிடுவாங்க, வாங்கறவர் தானே குடியிருக்க வாங்கினா விலையைப் பொறுத்து அது 10ஆ, சில சமயம் ஒண்ணுமே இல்லாமலும் ஆகலாம். அது வரி இல்லை, முன்பணம், ரிட்டர்ன் போட்டு மிச்சத்தை திருப்பி வாங்கலாம். இன்னொண்ணு, சொல்லத் தயக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லணும். உங்கள்ல ஒருத்தர் தவறிப் போனா 60,000 டாலருக்கு மேல அமெரிக்கால சொத்து இருக்கறதால இங்க எஸ்டேட் டாக்ஸ் (இறந்தவர் சொத்துக்கான வரி) ரிட்டர்ன் போட வேண்டி வரும். கனடாவோட அமெரிக்கா போட்ட வரி ஒப்பந்தத்தால நடுத்தரக் குடும்பங்களுக்கு கட்ட வேண்டிய வரி பொதுவா வராது, ஆனா பேப்பர் போட்டாகணும். பிள்ளைங்க இங்க கோர்ட்டுக்கு அலையாம இருக்க அரிசோனால பெனிஃபிஷியரி டீட்னு ஒரு பத்திரம் பதியலாம், உங்க காலத்துக்கு அப்புறம் வீடு யாருக்குன்னு அதுலயே எழுதிடலாம், நீங்க இருக்கற வரைக்கும் எப்ப வேணா மாத்தலாம். வீடு வாங்கற வாரமே அதையும் முடிச்சுடுங்க.

கேள்வி: சிகாகோ பக்கம் இருக்கோம். சன் சிட்டில 55 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான வீடு சல்லிசா கிடைக்குது. எங்க கூட 82 வயசு மாமியார் இருக்காங்க, கோடை லீவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பேரப் பசங்க வருவாங்க. வாங்கலாமா?

பதில்: சன் சிட்டி 1960 ஜனவரி 1ம் தேதி திறந்த ஊர், டெல் வெப்ங்கற கான்ட்ராக்டர் ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே கட்டினது, கோல்ஃப் கார்ட்லயே கடைக்கு போய் வரலாம், கிளப், நீச்சல் குளம், தையல், மரவேலை எல்லாம் இருக்கு, வயசானவங்க தனியா முடங்காம இருக்க இந்த மாதிரி ஏற்பாடு நம்ம ஊர்லயும் வரணும்னு எனக்கு ஆசை. சட்டப்படி இந்த மாதிரி குடியிருப்புல குறைஞ்சது 80 சதவீத வீட்டுல ஒருத்தருக்காவது 55 வயசு ஆகியிருக்கணும், மிச்ச விதியை ஒவ்வொரு இடமும் தானே வச்சுக்கும். மாமியாருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பேரப் பசங்க விருந்தாளியா வரலாம், ஆனா வருஷத்துக்கு இத்தனை நாள்தான்னு கணக்கு உண்டு, குடியிருக்க விட மாட்டாங்க. நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்து குழந்தையோட வந்து ஆறு மாசம் இருக்கணும்னா இருக்க முடியாது. நம்ம குடும்பங்கள்ல இது நடக்காத விஷயம் இல்லை, யோசிச்சுக்குங்க. வாங்கறப்போ விலைக்கு மேல ஒரு தடவை கட்டற கட்டணமும் அங்க உண்டு, கேட்டு வச்சுக்குங்க.

எனக்கு இன்னொரு கவலை மாமியார் பத்தி. சன் சிட்டி வடமேற்கு மூலை, நம்ம ஜனமும் கோயிலும் தென்கிழக்கு பக்கம், கார்ல ஒரு மணி நேரம் ஆகும். 82 வயசுல தமிழ்ல பேச ஆள் இல்லாம நாலு மாசம் கஷ்டம். அதே மாதிரி வயசு விதி உள்ள இடம்தான் வேணும்னா சாண்ட்லருக்கு தெற்கே சன் லேக்ஸ், கில்பர்ட்ல ட்ரைலஜி இருக்கு, விலை கூட, ஆனா சாயங்காலம் ஒரு பஜனைக்கு கூட்டிட்டு போயிட்டு வரலாம். மாமியாரோட மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ்) எந்த வகைன்னும் பாருங்க, ஒரிஜினல் மெடிகேர் எங்க வேணா செல்லும், தனியார் கம்பெனி நடத்தற அட்வான்டேஜ் பிளான் பெரும்பாலும் சிகாகோ டாக்டர்களோட நின்னுடும், எமர்ஜென்சிக்கு மட்டும்தான் இங்க உதவும்.

கேள்வி: போன நவம்பர்ல குவீன் கிரீக்ல வீடு வாங்கிட்டோம். ஏப்ரல்ல கிளம்பறோம், அக்டோபர் வரைக்கும் பூட்டிதான் இருக்கும். கரண்ட் மிச்சம் பண்ண ஏ.சி.யை ஆஃப் பண்ணிட்டு வரலாமா? வேற என்ன பண்ணணும்?

பதில்: ஏ.சி.யை ஆஃப் பண்ணவே கூடாது. 85 டிகிரில வச்சுட்டு கிளம்புங்க, வைஃபை தெர்மோஸ்டாட் போட்டு, உள்ள 90 தாண்டினா ஃபோனுக்கு அலர்ட் வர்ற மாதிரி செட் பண்ணுங்க. ஆஃப் பண்ணின வீட்டுல கிச்சன் கேபினெட் ஒட்டினது பிரியும், மரத்தரை விரியும், டி.வி., ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் வீணாகும், நீங்க மிச்சம் பண்ற கரண்ட் காசு ஒரு கேபினெட்டுக்கு காணாது. ஏப்ரல்லயே மெக்கானிக்கை கூப்பிட்டு சர்வீஸ் பண்ணிடுங்க, ஜூலைல இங்க ஏ.சி. நிக்கறதுக்கு பெரும்பாலும் கப்பாசிட்டர்னு ஒரு சின்ன சாமான்தான் காரணம், பழசா இருந்தா அப்பவே மாத்திடுங்க.

தண்ணி மெயின் வால்வை மூடிடுங்க, வாட்டர் ஹீட்டரையும் நிறுத்திடுங்க. செடிக்கு போற சொட்டு நீர் லைன் மெயின் வால்வுக்கு முன்னாடியே பிரியுதான்னு ஒரு தடவை மூடிப் பாத்து தெரிஞ்சுக்குங்க, இல்லன்னா செடி எல்லாம் ஒரே வாரத்துல கருகிடும். அப்புறம் யாரும் சொல்லித் தராத விஷயம், சிங்க், ஷவர், டாய்லெட் அடியில வளைவா ஒரு குழாய்ல தண்ணி நின்னு சாக்கடை வாசனையை தடுக்குது இல்லையா, அந்தத் தண்ணி இந்த வறட்சில சில வாரத்துலயே வத்திடும். அப்புறம் நாத்தம் மட்டும் இல்லை, சாக்கடைக் கரப்பான் அது வழியாத்தான் ஏறி வரும், கரப்பான் வந்தா அதைத் திங்க தேள் வரும். கிளம்பறப்போ தண்ணி வடியற ஒவ்வொரு துளைலயும் ரெண்டு ஸ்பூன் மினரல் ஆயில் ஊத்துங்க, டாய்லெட் மேல பிளாஸ்டிக் ஷீட் இழுத்து ஒட்டி மூடி வைங்க.

நம்ம சமையலறை தனிக்கதை. அரிசி, பருப்பு, மாவு எதையும் விட்டுட்டு போகாதீங்க, வண்டு வச்சு அக்டோபர்ல அலமாரி முழுக்க பறக்கும், மிஞ்சினதை கில்பர்ட்ல ஃப்ரெண்டுக்கு குடுத்துடுங்க. குக்கர் கேஸ்கட் காஞ்சு விரிஞ்சுடும், புதுசு ஒண்ணு வாங்கி வச்சா வந்த அன்னைக்கே சாதம் வைக்கலாம். பூஜை அலமாரில மெழுகுவர்த்தி, கற்பூரம் வேண்டாம். கராஜ் வீட்டை விட சூடாகும், ஸ்ப்ரே டப்பா, பெயின்ட், பேட்டரி, லைட்டர், மாத்திரை எதுவும் அங்க இருக்கக் கூடாது. கார் விட்டுட்டு போனா பேட்டரிக்கு சார்ஜ் இறங்காம பாத்துக்கற மெயின்டெய்னர் மாட்டிடுங்க, இந்த வெயில்ல பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல தாங்கறதே அபூர்வம்.

மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ஒருத்தர் உள்ள போய் பாக்கணும். ஹோம் வாட்ச் கம்பெனி இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புவாங்க. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா இருந்தாலும் ஆகஸ்ட்ல அவரும் சான் டியாகோ போயிடுவார், அதனால காசு குடுத்து ஆள் வைக்கறதுதான் நிம்மதி. இன்ஷூரன்ஸ் பாலிசில வீடு 30 இல்லன்னா 60 நாள் ஆள் இல்லாம இருந்தா தண்ணிக் கசிவு மாதிரி சில நஷ்டத்துக்கு தர மாட்டோம்னு வரி இருக்கும், கம்பெனிக்கு போன் பண்ணி நாங்க சீசனுக்கு மட்டும் இருக்கறவங்கன்னு எழுத்துல பதிஞ்சுடுங்க. ஜூன் 15ல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் மான்சூன், புழுதிப் புயல் சுவர் மாதிரி எழும்பி வரும், அதுக்கு முன்னாடி மரக்கிளையை கழிச்சு விடணும். மழை பெஞ்ச ரெண்டே வாரத்துல கல்லு போட்ட முன்வாசல்ல களை முளைக்கும், ஹெச்.ஓ.ஏ. லெட்டர் அனுப்பும், அந்த லெட்டர் பூட்டின வீட்டு மெயில்பாக்ஸ்ல கிடக்கும், அபராதம் ஏறிக்கிட்டே போகும். உங்க ஊர் அட்ரஸையும் ஈமெயிலையும் ஹெச்.ஓ.ஏ. ஆபீஸ்ல இன்னைக்கே குடுத்துடுங்க.

கேள்வி: நியூஸ்ல கொலராடோ ஆறு வத்துது வத்துதுன்னு சொல்றாங்களே. இருவது வருஷம் கழிச்சு அந்த வீட்டுல குழாய்ல தண்ணி வருமா?

பதில்: இது நியாயமான பயம், ஆனா பீனிக்ஸ் மெட்ரோ முழுக்க ஒரே நிலைமை இல்லை, எந்த ஊர்ல வாங்கறீங்கங்கறதுதான் விஷயம். சாண்ட்லர், மேசா, கில்பர்ட், டெம்பி மாதிரி பழைய ஊர்களுக்கு ஒண்ணுக்கு மேல தண்ணி வழி இருக்கு. சால்ட், வெர்டே ஆத்துத் தண்ணி 1911ல கட்டி முடிச்ச ரூஸ்வெல்ட் அணை மாதிரி அணைகள்ல தேங்கி கால்வாய் வழியா வருது, கொலராடோ தண்ணி 336 மைல் நீளக் கால்வாய்ல லேக் ஹவாசுல இருந்து வருது, போதாததுக்கு நிலத்தடியில சேமிச்சும் வச்சிருக்காங்க. கொலராடோ தண்ணில அரிசோனா கால்வாய்க்கு முன்னுரிமை கம்மி, தட்டுப்பாடு வந்தா முதல்ல வெட்டு விழறது இங்கதான், 2022ல இருந்து வெட்டு விழுந்துக்கிட்டும் இருக்கு, 2007ல போட்ட பங்கீட்டு விதி 2026 வரைக்கும்தான்.

இடிக்கறது ஓரத்து ஊர்கள்ல. 1980ல வந்த நிலத்தடி நீர் சட்டப்படி புது லேஅவுட் போடணும்னா 100 வருஷத்துக்கு தண்ணி இருக்குன்னு காட்டணும். 2023 ஜூன்ல மாநில அரசு கணக்கு பாத்துட்டு, நிலத்தடி நீரை மட்டும் நம்பி பீனிக்ஸ் பகுதில இனிமே புது லேஅவுட்டுக்கு சர்டிஃபிகேட் தர முடியாதுன்னு சொல்லிடுச்சு, பக்கை (Buckeye), குவீன் கிரீக் மாதிரி ஓரத்துல வேகமா வளர்ற ஊருக்கு அது பெரிய அடி. அதே வருஷம் ஜனவரி 1ல ஸ்காட்ஸ்டேல் நகராட்சி, எல்லைக்கு வெளிய இருக்கற ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் மக்களுக்கு லாரித் தண்ணி குடுக்கறதை நிறுத்திடுச்சு, லட்சக்கணக்குல டாலர் போட்டு வீடு வாங்கினவங்க பேப்பர் பிளேட்ல சாப்பிட்டாங்க. அதனால தனி மனை, நல்ல வியூ, கிணறு இருக்கு, லாரி வரும்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. நகராட்சிக் குழாய்த் தண்ணி வர்ற, 100 வருஷத் தண்ணி உறுதின்னு அரசு ஒத்துக்கிட்ட, அஷ்யூர்டு வாட்டர் சப்ளை அந்தஸ்து உள்ள ஊர்ல மட்டும் வாங்குங்க. அங்கயும் தண்ணி விலை ஏறும், சில இடத்துல புல்தரைக்கு கட்டுப்பாடு இருக்கும், அது நல்லதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர் இருக்கு. அரிசோனா புழுதில ஒரு காய்ச்சல் வரும்னு சொல்றாங்க, உண்மையா?

பதில்: உண்மை. வேலி ஃபீவர்னு பேரு, மண்ணுல இருக்கற ஒரு பூஞ்சை புழுதியோட மூக்கு வழியா போய் நுரையீரல்ல உக்காரும். அமெரிக்கால பதிவாகற கேஸ்ல பெரும்பகுதி அரிசோனாலதான். பலருக்கு ஒண்ணும் தெரியாமயே போயிடும், சிலருக்கு இருமல், காய்ச்சல், வாரக்கணக்குல எழுந்திருக்க முடியாத அசதி, சுகர் உள்ளவங்களுக்கு தீவிரமாக வாய்ப்பு அதிகம். ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு தொத்தாது. பெரிய ஆபத்து என்னன்னா இங்க மூச்சுல போய் ஒண்ணுல இருந்து மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போனதும் காய்ச்சல் வரும், அங்க இருக்கற டாக்டர் நிமோனியான்னு ஆன்டிபயாடிக் குடுத்துக்கிட்டே இருப்பார், குறையாது. அப்பா எந்த டாக்டரைப் பாத்தாலும் அரிசோனால இருந்துட்டு வந்தேன், வேலி ஃபீவருக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு வாய்விட்டு கேக்கணும். பக்கத்துல புது வீடு கட்ட மண் தோண்டற லேஅவுட்ல அவருக்காக வீடு வாங்காதீங்க, காத்து அடிக்கற அன்னைக்கு ஜன்னலை மூடிட்டு உள்ள இருக்கச் சொல்லுங்க.

கேள்வி: பின்பக்கம் முருங்கை வைக்கலாமா அக்கா?

பதில்: பிரமாதமா வரும், கோடை வெயில் அதுக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரே சீசன்ல கூரை உயரத்துக்கு போயிடும். டிசம்பர், ஜனவரில சில ராத்திரி உறைபனி விழும், இளங்கன்னை துணி போட்டு மூடணும், கருவேப்பிலைக்கும் அப்படித்தான். சிக்கல் என்னன்னா காய் காய்க்கற நேரத்துல பாதி நாள் நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க, சொட்டு நீர் டைமர் பழுதானா சொல்ல ஆளும் இருக்காது. சுவரை ஒட்டி வைக்காதீங்க, கிளை முறியும், பக்கத்து வீட்டு பூல்ல விழும்.

கேள்வி: நாங்க இல்லாத மாசத்துல ஏர்பிஎன்பில விட்டு செலவை ஈடு கட்டிடலாம்னு ஏஜென்ட் சொல்றார்.

பதில்: நீங்க இல்லாத மாசம் எதுன்னு பாருங்க, மே முதல் அக்டோபர். அந்த வெயிலுக்கு டூரிஸ்ட் வர மாட்டாங்க, வர்றவங்களும் பாதி வாடகைக்கு கேப்பாங்க, ஏ.சி.யை 72ல வச்சு ஓட்டுவாங்க. நல்ல வாடகை கிடைக்கற பிப்ரவரி மார்ச்ல நீங்க உள்ள இருப்பீங்க. நகராட்சி குறுகிய கால வாடகையை முழுசா தடை பண்ண முடியாதுன்னு 2016ல மாநிலச் சட்டம் வந்துச்சு, ஆனா ஹெச்.ஓ.ஏ. தடை பண்ணலாம், நிறைய இடத்துல 30 நாளுக்கு கீழ விடக் கூடாதுன்னு பத்திரத்துலயே இருக்கு, சில இடத்துல ஆறு மாசம், ஒரு வருஷம். ஆஃபர் போடறதுக்கு முன்னாடி அந்த விதிப் புத்தகத்தை வாங்கி வாடகை பத்தின பக்கத்தை நீங்களே படிங்க. வாடகைக்கு விட்டா கவுன்ட்டில வாடகை வீடுன்னு பதியணும், வெளிமாநிலத்துல இருக்கறவங்கன்னா அரிசோனால ஒரு பொறுப்பாளர் பேரும் குடுக்கணும், மாநிலத்துக்கு தனியா வருமான வரி ரிட்டர்ன் போடணும், இப்போ 2.5 சதவீதம். செகண்ட் ஹோம்னு லோன் எடுத்துட்டு வருஷம் பூரா வாடகைக்கு விட்டா பேங்க் கேள்வி கேக்கும். வாடகை வந்தாத்தான் இந்த வீட்டைத் தாங்க முடியும்ங்கற நிலைமைல இருந்தீங்கன்னா, என்னைக் கேட்டா, இந்த வீடு இப்போ வேண்டாம்.